புத்தி சொல்ல ஊரே உண்டு. காது கொடுக்க ஒருவர் உண்டா?

மாலை ஆறு மணி. செம்பனைக் காட்டில் குலை வெட்டிவிட்டு வந்த அப்பா குளித்து முடித்து அஞ்சடியில் அமர்ந்திருக்கிறார். உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால், மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்து இரண்டு வாரமாகிறது. எதிர்பார்த்த தேர்ச்சி கிடைக்கவில்லை. அன்று முதல் அவன் பந்து விளையாடப் போவதில்லை. நண்பர்கள் வந்து கூப்பிட்டால் தலைவலி என்கிறான். சோற்றைப் பிசைந்துவிட்டுப் பாதியில் எழுந்து போகிறான்.

முதலில் மாமா வந்தார். "ஏண்டா மாப்பிள்ளை, இதுக்குப் போய் இடிஞ்சு உட்கார்ந்தா எப்படி? ஆம்பளைப் பிள்ளை இல்லையா நீ?" என்றார். அடுத்து பெரியப்பா. "உங்கப்பன் வெயில்ல வேகுறத நெனச்சிருந்தா ஒழுங்காப் படிச்சிருப்பே" என்றார். கோயில் கமிட்டிப் பெரியவர் வந்து, தாம் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த கதையை அரை மணி நேரம் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா, தம் நாத்தனார் மகன் இரண்டாம் தடவை எழுதித் தேறி இன்று சிங்கப்பூரில் வேலை பார்ப்பதைச் சொன்னார். "சரிங்க மாமா", "சரிங்க பெரியப்பா", "சரிங்க ஐயா", "சரிக்கா" என்று பையன் நால்வருக்கும் தலையாட்டினான்.

எல்லாரும் போன பிறகு அம்மா அடுப்படியில் நின்று புலம்பினார்: "இத்தனை பேர் வந்து சொல்லியும் இவன் வாயத் திறக்க மாட்டேங்கிறானே!"

இத்தனை பேர் பேசினால் அவன் எப்போது வாயைத் திறப்பது?

இது எந்தத் தோட்டத்தில் நடந்தது என்று கேட்க வேண்டாம். உங்கள் தோட்டத்திலும் நடந்திருக்கும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோனவர்கள் வீட்டிலும் நடந்திருக்கும். வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைமேல் உள்ள பாசத்தினால்தான் வேலை அலுப்பையும் பாராமல் வந்தார்கள். ஆனால் அத்தனை பாசமும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. ஏன்?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடியவர் ஒருவர் உண்டு. அவர் அமெரிக்காவைச் சேர்ந்த மனவியல் அறிஞர் கார்ல் ராஜர்ஸ். துன்பப்படுபவரை நடுவில் வைத்து, அவருடைய வார்த்தைக்கே முதலிடம் கொடுக்கும் ஆலோசனை முறையை உருவாக்கியவர் அவர்தான். இதனை 'நபர் மைய அணுகுமுறை' என்பர். இன்று கவுன்செலிங் கற்கும் மாணவர் எவரும் இவர் பெயரைப் படிக்காமல் தாண்ட முடியாது.

பண்ணையில் வளர்ந்த பையன்

ராஜர்ஸ் 1902-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் நான்காமவர். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆடு மாடுகளோடு வளர்ந்தார். இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளைப் பிடித்து வளர்த்து ஆராய்ந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் எடுத்த பாடமும் விவசாயமே. பின்னர் வரலாறு படித்தார்; மதக் கல்வி பயின்றார்; இறுதியில் நியூயார்க்கில் மனவியலுக்கு வந்து சேர்ந்தார்.

1928 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் ராச்செஸ்டர் நகரில், முரட்டுப் பிள்ளைகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் கவனிக்கும் நிலையத்தில் பணிபுரிந்தார். அங்கே நடந்த ஒரு சம்பவம் அவர் வழியையே மாற்றியது. அவரே பிற்காலத்தில் எழுதி வைத்த சம்பவம் அது.

அடங்காத ஒரு சிறுவன். அவனுக்கு ஒரு தாய். விவரம் தெரிந்த பெண்மணி. சிறு வயதில் அவனைத் தாய் ஒதுக்கி வளர்த்ததுதான் கோளாறுக்குக் காரணம் என்று ராஜர்ஸ் கண்டுகொண்டார். அந்த உண்மையை அவளே உணரும்படி செய்துவிட வேண்டும் என்று பல தடவை அவளோடு பேசினார். நயமாகச் சொன்னார், சுற்றி வளைத்துச் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், "நாம் இருவரும் முயன்று பார்த்தோம், பயனில்லை, இதோடு விட்டுவிடலாம்" என்ற கருத்தை அவளிடம் கூறினார். அவளும் ஒப்புக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை தருவதுண்டா என்று கேட்டாள். உண்டு என்றார் ராஜர்ஸ். எழுந்த நாற்காலிக்கே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பிறகு கொட்டினாள், பாருங்கள்! கணவனோடு பட்ட பாடு, குடும்பம் உடைந்துகொண்டிருக்கும் வேதனை, தான் தோற்றுப்போனோம் என்ற ஏக்கம் எல்லாம் வெளியே வந்தன. அதுவரை கோப்பில் எழுதி வைத்த விவரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ராஜர்ஸ் இப்போது விளக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டு கேட்டார். அந்தத் தாய் தேறினாள், பையனும் தேறினான்.

அன்று அவர் ஒரு பாடம் கற்றார். எங்கே வலிக்கிறது என்பது வலிப்பவருக்குத்தான் தெரியும். எந்தப் பக்கம் நடந்தால் வலி குறையும் என்பதும் அவருக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் தம் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாமல் இருந்தால், அது வெளியே வரும்.

நோயாளி அல்லர், நம்மை நாடி வந்தவர்

அக்காலத்தில் மன வருத்தத்தோடு வருபவரை 'நோயாளி' என்றே அழைத்தனர். மருத்துவர் எல்லாம் அறிந்தவர். வந்தவர் ஒன்றும் அறியாதவர். ராஜர்ஸ் இந்த மேல் கீழை மாற்றினார். 1940 டிசம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தம் புதிய கருத்தை ஓர் உரையாக எடுத்துரைத்தார். 1942-இல் அதை விரிவாக்கி நூலாக வெளியிட்டார். வந்தவரை 'நோயாளி' என்னாமல், சேவை நாடி வந்தவர் என்னும் பொருளில் 'கிளையண்ட்' என்று குறிப்பிட்டார்.

அந்த நூலில் இன்னொரு புதுமையும் இருந்தது. ஆலோசனை அறையில் இருவர் பேசியதை இசைத்தட்டுப் போல் ஒலித்தட்டில் பதிவு செய்து, ஒரு முழு ஆலோசனையையும் வார்த்தைக்கு வார்த்தை அச்சிட்டிருந்தார். அதுவரை 'நான் இப்படிக் குணப்படுத்தினேன்' என்று ஆலோசகர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ராஜர்ஸோ, ஆலோசகர் எங்கே குறுக்கிட்டுக் கெடுத்தார், எங்கே பொறுத்திருந்து உதவினார் என்பதை யாரும் சோதித்துப் பார்க்கும்படி செய்தார்.

1951-இல் அடுத்த முக்கிய நூல் வந்தது. 1957-இல், ஒருவர் மனம் மாறித் தேறுவதற்குத் தேவையான ஆறு நிபந்தனைகளை ஒரு கட்டுரையில் வகுத்துக் காட்டினார். அவற்றுள் மூன்று, உதவி செய்பவரிடம் இருக்க வேண்டிய குணங்கள். இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது: அந்தக் குணங்கள் உதவுபவரிடம் இருந்தால் மட்டும் போதாது, எதிரே இருப்பவர் அவற்றைக் கொஞ்சமாவது உணர வேண்டும் என்றார் ராஜர்ஸ். நம் மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாசம் இருந்தது. பையனுக்கு அது போய்ச் சேரவில்லை. கோளாறு அங்கேதான்.

அவர் எதை நம்பி இப்படிச் செய்தார்? அதற்கும் அவருடைய பால்ய நினைவு ஒன்று உதவுகிறது. குளிர்காலத்துக்கென்று வீட்டின் நிலவறையில் உருளைக்கிழங்கு சேமித்து வைப்பார்களாம். மண் இல்லை, நீர் இல்லை. எட்ட ஒரு சிறிய சன்னல் மட்டும். அந்த இருட்டிலும் கிழங்குகள் வெளுத்த முளை விட்டு, சன்னல் வெளிச்சத்தை நோக்கி நீண்டு வளருமாம். கெட்ட சூழ்நிலையில் வாடிக் கோணிப்போன மனிதரையும் அவர் அப்படித்தான் கண்டார். முளை வெளுத்திருக்கிறது, கோணியிருக்கிறது. ஆனாலும் அது வெளிச்சத்தைத் தேடித்தான் போகிறது. கன்று நட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. கன்றைப் பிடித்து இழுத்து யாரும் வளர்த்ததில்லை. நிழலை விலக்கி, களையை எடுத்து, தண்ணீர் விட்டோம். அது தானே வளர்ந்தது.

முதல் குணம்: உள்ளும் புறமும் ஒன்றாக இருத்தல்

உதவ நினைப்பவர் வேஷம் போடக்கூடாது. மனத்தில் எரிச்சலை வைத்துக்கொண்டு முகத்தில் சிரிப்பைக் காட்டினால், துன்பத்தில் இருப்பவர் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். துன்பம் வந்தவருக்கு அந்தக் கண் கூர்மையாக இருக்கும்.

வேலை முடிந்து அலுத்து வருகிறீர்கள். மகள் ஏதோ சொல்ல வருகிறாள். "சொல்லும்மா" என்று வாய் சொல்கிறது. கண் தொலைக்காட்சியில் இருக்கிறது. அவள் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வாள். அதைவிட, "அம்மாவுக்கு இப்ப தலை சுத்துது. குளிச்சிட்டு வந்து உக்கார்றேன், அப்புறம் முழுசா கேக்குறேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். சொன்னபடி வந்தும் உட்காருங்கள். அவள் நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

உண்மையாக இருப்பது என்றால் மனத்தில் பட்டதையெல்லாம் முகத்தில் எறிவது என்று பொருளல்ல. "உன்னைப் பார்த்தாலே எரியுது" என்பது உண்மையாயிருக்கலாம்; அது உதவி ஆகாது. "நீ ராத்திரி லேட்டா வந்தப்ப எனக்குப் பயமா இருந்திச்சு, அதான் கத்திட்டேன்" என்பதும் உண்மைதான். இந்த உண்மை கதவைத் திறக்கும்.

இரண்டாவது: நிபந்தனையில்லாத மதிப்பு

"நல்ல மார்க் வாங்கினாத்தான் நீ என் பிள்ளை." "நாங்க பார்த்த மாப்பிள்ளையைக் கட்டினாத்தான் இந்த வீட்டுக்கு வரலாம்." இப்படிச் சொல்லாத வீடு குறைவு. கோபத்தில் சொல்கிறோம், மனத்தில் அப்படி இல்லை. ஆனால் கேட்கும் பிள்ளை அதைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. 'என்னை நேசிப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை நான் கட்டத் தவறினால் நான் யாருமில்லை' என்று எண்ணத் தொடங்குகிறது. ராஜர்ஸ் கண்ட பல மனத் துன்பங்களுக்கு வேர் இதுதான். பிறர் வைத்த நிபந்தனைக்காகத் தன் உண்மையான உணர்ச்சியை ஒளித்து ஒளித்து, கடைசியில் அது எது என்றே மறந்துபோகிறவர்கள் எத்தனையோ பேர்!

நீங்கள் கேட்கலாம்: "அப்படியானால் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவனையும் மதிக்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. ஆளை மதிப்பது வேறு. செயலை ஒப்புக்கொள்வது வேறு. அடிப்பது தவறு என்பதில் இரண்டு பேச்சு இல்லை. அடிபடுகிறவரைக் காப்பாற்றுவதே முதல் வேலை. ஆனால் அந்த மனிதன் என்றாவது ஒரு நாள், "நான் ஏன் இப்படி ஆயிட்டேன்" என்று வந்து உட்கார்ந்தால், "நீ உருப்படுவியா?" என்று தொடங்குகிறவரால் அவனுக்கு உதவ முடியாது. அவனும் மாறக்கூடிய மனிதன்தான் என்று நம்புகிறவரால்தான் முடியும்.

ராஜர்ஸ் இதில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். தன்னை உள்ளபடி ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஒருவரால் மாற முடிகிறது. குற்றம் சாட்டப்பட்டுக்கொண்டே இருப்பவர், தம்மைக் காத்துக்கொள்வதிலேயே பலத்தையெல்லாம் செலவழித்துவிடுகிறார். 'அடியாத மாடு படியாது' என்பது மாட்டுக்கு வந்த பழமொழி. மனிதருக்கு வேறு வேண்டும்.

மூன்றாவது: அவர் இடத்தில் நின்று பார்த்தல்

இதனை ஒத்துணர்வு என்பர். பரிதாபம் வேறு, இது வேறு. பரிதாபப்படுகிறவர் மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்க்கிறார். ஒத்துணர்வு உள்ளவர் பள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து மேடு எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறார். ஆனால் தாமே விழுந்தவர்போல் ஆகிவிடுவதில்லை. தம் கால் ஊன்றிய இடத்தை மறப்பதில்லை. கூடவே சேர்ந்து அழுது மூழ்கிவிட்டால் யார் யாரைத் தூக்குவது?

ஒரு காட்சியைப் பாருங்கள். கல்யாணமாகி மூன்று வருடமான பெண் ஒருத்தி, அம்மா வீட்டுக்கு வந்தவள், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்கிறாள்: "எனக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே பிடிக்கலக்கா."

வழக்கமான பதில் நமக்குத் தெரியும். "அப்படிச் சொல்லாதம்மா. எந்த வீட்டுல சண்டையில்ல? எங்க மாமியார் என்னைப் படுத்தாத பாடா? பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்க." பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். அக்காவும் நல்லது சொன்ன திருப்தியோடு உலை வைக்கப் போவார்.

இப்போது இன்னொரு அக்காவைப் பார்ப்போம்.

"போறதுக்குக் காலே வரல, இல்லையா?"

"ஆமாக்கா. வாசல்ல கால வைக்கும்போதே நெஞ்சு படபடங்குது."

"பயமா இருக்கா?"

பெண் கொஞ்சம் யோசிக்கிறாள். "பயமில்லக்கா. நான் அங்க யாருன்னே தெரியல. அத்தை பேசுறாங்க, பேசிட்டுப் போகட்டும். அவரு பக்கத்துலயே உக்காந்திருக்காரு. ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறாரு."

"அவங்க பேசுறதவிட, அவரு சும்மா இருக்கிறதுதான் உனக்கு வலிக்குது."

பெண்ணின் கண் நிறைகிறது. "அதேதாங்க்கா."

இந்த அக்கா ஒரு யோசனையும் சொல்லவில்லை. 'பயமா' என்று அவர் ஊகித்தது தவறாகக்கூடப் போயிற்று. குற்றமில்லை, ஒரு கேள்வியாகக் கேட்டதால் பெண் தானே திருத்திக்கொண்டாள். முதல் அக்கா மாமியார் சண்டைக்கு மருந்து கொடுத்தார். நோய் மாமியாரிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியவே இல்லை. இரண்டாம் அக்காவிடம் பேசிய பெண், இனி யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று அறிந்துகொண்டு எழுந்தாள்.

ஓர் எச்சரிக்கை. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைத்தனம் அல்ல இது. ராஜர்ஸ் முறையென்றால் வந்தவரின் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வது என்று பலர் கேலியாகப் பேசியபோது அவரே மனம் வருந்தியிருக்கிறார். வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் உணர்ச்சியைத் தேடுவதுதான் வேலை. சில வேளை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அந்த வேலையே. மௌனம் வந்துவிட்டால் உடனே ஒரு புத்திமதியைப் போட்டு நிரப்பிவிட வேண்டியதில்லை.

உறவைக் கட்டுவது எப்படி?

ஒரே நாளில் யாரும் மனத்தைத் திறப்பதில்லை. முதலில் சின்ன விஷயத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள். 'கால் வலிக்குது' என்பார்கள், 'தூக்கம் வரல' என்பார்கள். அதை நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள் என்று பார்த்த பிறகே பெரிய விஷயம் வரும்.

இடம் முக்கியம். வரிசை வீட்டுச் சுவருக்கும் அடுக்குமாடிச் சுவருக்கும் காது உண்டு என்பது நமக்கெல்லாம் தெரியும். நாலு பேர் நடுவில் 'என்ன பிரச்சினை சொல்லு' என்று கேட்டால் பதில் வராது. கோயில் திடலைச் சுற்றி ஒரு நடை, வாசலில் ஒரு குவளைத் தேத்தண்ணி, மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போகும் வழி என்று தனிமை கிடைக்கும் இடம் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டது உங்களோடு நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒருவர் வீட்டுக் கதை குழாயடிக்குப் போனது; இந்தக் காலத்தில் அது கைப்பேசிக் குழுவுக்குப் போகிறது. ஒரு தடவை போய்விட்டால் அந்தப் பெண் இனி எவரிடமும் வாய் திறக்க மாட்டாள். அது உங்களுக்கு மட்டும் நேரும் நட்டமல்ல.

முடிவு யாருடையது என்பதிலும் தெளிவு வேண்டும். வாழப்போகிறவர் அவர். வழிகளைச் சேர்ந்து பார்க்கலாம். அவர் கேட்டால் உங்களுக்குத் தெரிந்த தகவலைச் சொல்லலாம். தேர்ந்தெடுப்பது அவர் வேலை.

"அப்படியானால் பெரியவர்கள் புத்தியே சொல்லக்கூடாதா? நம் பண்பாடு என்னாவது?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். சொல்லலாம், ஐயா. சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, சொக்சோ பணத்துக்கு எங்கே மனுக் கொடுப்பது என்பவற்றுக்கெல்லாம் தெரிந்தவர் சொல்லித்தான் ஆக வேண்டும். மனத்துயரத்தில் மட்டும் வரிசையை மாற்றுங்கள்: முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். முழுவதும் கேட்டுவிட்டால், சொல்ல நினைத்ததில் பாதி தேவைப்படாது என்பதை நீங்களே காண்பீர்கள்.

இதனால் ஆகாதவையும் உண்டு

இந்த முறையை மந்திரக்கோல் என்று எண்ணிவிட வேண்டாம். ராஜர்ஸே 1957-க்குப் பின் விஸ்கான்சினில், கடுமையான மனநோயால் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். எதிர்பார்த்த அளவுக்குப் பலன் கிட்டவில்லை. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, இல்லாததை இருப்பதாக நம்புவது, நாள்கணக்கில் உறங்காமல் இருப்பது போன்ற அறிகுறிகளுக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். பேய் பிடித்தது, செய்வினை என்று நாளைக் கடத்தக்கூடாது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கினால் அவர்கள் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

ஒருவர் 'செத்துப்போகலாம் போல இருக்கு' என்று சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். நேராகவே கேளுங்கள்: "உயிரை மாய்ச்சுக்கணும்னு நெனப்பு வருதா?" அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, கேட்க ஒருவர் வந்தாரே என்ற ஆறுதல்தான் வரும். அவரைத் தனியே விடாதீர்கள். இந்த விஷயத்திலும், பிள்ளைகளுக்குக் கொடுமை நேரும் விஷயத்திலும் 'ரகசியம் காப்பேன்' என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. உயிர்தான் பெரிது.

முன்பு நம் நாட்டில் தற்கொலைக்கு முயன்றவர்மேல் வழக்குப் போடச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பயத்தினாலேயே பல குடும்பங்கள் வாய் மூடிக் கிடந்தன. மலேசியாவில் 2023-இல் அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2020-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இனி உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் 1970 முதல் செயல்படும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள் 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகலாகக் காது கொடுக்கிறார்கள். வீட்டில் அடி உதை, பிள்ளைக் கொடுமை என்றால் அரசாங்கத்தின் 15999 எண் உண்டு. சிங்கப்பூரில் 1969-இல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு இதே பணியைச் செய்கிறது. இடைநிலைப் பள்ளிகளில் கவுன்செலிங் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கட்டணம் கொடுத்து ஆலோசகரைப் பார்ப்பதானால், மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மீண்டும் அந்த அஞ்சடிக்கு

கார்ல் ராஜர்ஸ் 1987 பிப்ரவரி 4-ஆம் நாள் தமது 85-ஆம் வயதில் காலமானார். நம் கதையில் வரும் அப்பா அவர் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் அன்றிரவு, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, இரண்டு குவளைத் தேத்தண்ணியோடு மகனின் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரமா நீ வெளிய வரல. எனக்கு உன்ன நெனச்சுப் பயமா இருக்கு. என்ன சொல்றதுன்னும் எனக்குத் தெரியல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை.

தேத்தண்ணி ஆறிப்போனது. சுவரைப் பார்த்தபடியே பையன் பேசினான்: "டியூஷனுக்குக் கட்டறதுக்கு அம்மா தோட்ட அடகு வச்சாங்கப்பா. அம்மா காதப் பார்க்க முடியலப்பா."

'அதை மீட்டுக்கலாம்டா' என்ற வார்த்தை அப்பாவின் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டார். "அதனாலதான் சாப்பிடுறப்ப தலையத் தூக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாப்பா" என்றான். அதற்குப் பிறகுதான் அழுதான்.

ஆம்பளைப் பிள்ளை இல்லையா என்று கேட்ட மாமாவும், மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றிச் சொன்ன பெரியவரும் இதை எப்படி அறிந்திருப்பார்கள்? அவன் தேர்வில் தோற்றதற்காகக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அம்மாவின் வெறுங்காதுக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்ன முடியாமல் சாத்திக்கொண்டான்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுபடி தேர்வு எழுதுவதா, தொழிற்கல்விக்குப் போவதா என்று அவன் தீர்மானிக்கச் சில வாரங்கள் ஆயின. ஆனால் மறுநாள் மாலை அவன் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான்.

வாசகப் பெருமக்களே, இன்று மாலை உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் பாதிச் சோற்றில் எழுந்து போகலாம். அவருக்கு நல்லது சொல்ல உங்கள் மனம் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் வார்த்தையை அவருக்கு விடுங்கள்.